பெருந்தமனி வால்வுச் சுருக்கம்: அளந்தறிந்த வரலாறு

இதயத்தின் இடக் கீழறையிலிருந்து உடலெங்கும் ரத்தம் புறப்படும் வாசல் பெருந்தமனி வால்வு. நலமானவர்களுக்கு அதன் திறப்பு 3 முதல் 4 சதுர செ.மீ. வரை இருக்கும். 1 சதுர செ.மீ. அளவுக்குக் குறைந்தால் சுருக்கம் கடுமையானது. மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் தலைகாட்டிய பிறகும் வால்வை மாற்றாமல் விட்டால் எஞ்சுவது சில ஆண்டுகளே.

1951இல் மருத்துவர் ரிச்சர்ட் கோர்லினும் பொறியாளரான அவர் தந்தையும், நீரோட்டக் கணிதத்தைக் கொண்டு வால்வின் பரப்பைக் கணக்கிட்டார்கள். அதற்கு ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் குழாய் செலுத்தியாக வேண்டும்.

வெளியிலிருந்தே இதயத்தைப் பார்க்கும் வழி, கப்பல் கட்டும் தளத்திலிருந்து வந்தது. ஸ்வீடனின் மால்மோ நகரத்துக் கொக்கும்ஸ் தளத்தில் இரும்பில் விரிசல் தேடப் பயன்பட்ட கேளா ஒலிக் கருவியை, இயற்பியலாளர் ஹெல்முட் ஹெர்ட்ஸும் மருத்துவர் இங்கே எட்லரும் 1953இல் மனித இதயத்தின்மீது வைத்தார்கள். ஒலியை அனுப்பி எதிரொலியை அளக்கும் அதே தத்துவத்தில் இயங்கும் எக்கோ சவுண்டரைக் கொண்டுதான் சென்னை காசிமேட்டு விசைப்படகுகள் கடலின் ஆழம் பார்க்கின்றன. ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனையில் திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களும் இந்தக் கேளா ஒலிப் பரிசோதனையை, அதாவது எக்கோவை, எடுத்துக்கொள்கிறார்கள்.

சுருக்கத்துக்கு எண் தந்தது, ரத்தம் பாயும் வேகத்தைக் கேளா ஒலியால் அளக்கும் டாப்ளர் முறை. வாசல் குறுகக் குறுக ரத்தம் சீறிப் பாயும். அந்த வேகத்தைக் கொண்டு வால்வின் இருபுறத்து அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடலாம் என்று நார்வே மருத்துவர் லிவ் ஹாட்லேயும் குழுவினரும் 1980இல் காட்டினார்கள். வேகத்தின் வர்க்கத்தை 4ஆல் பெருக்க வேண்டும்; நொடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மி.மீ. பாதரசம்.

ஆனால் இதயம் தளர்ந்திருந்தால் ரத்தம் சீறாது. வாசல் மிகக் குறுகியிருந்தும் அழுத்த வேறுபாடு குறைவாகவே காட்டும். அதை நம்பி நோயாளியைத் திருப்பி அனுப்புவது ஆபத்து. டோபுடமின் மருந்தால் இதயத்தை முடுக்கி மீண்டும் எக்கோ பார்ப்பது ஒரு வழி. மற்றொன்று, சி.டி. ஸ்கேனில் வால்வில் படிந்த சுண்ணாம்பை அளப்பது. ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 அகட்ஸ்டன் அலகைத் தாண்டினால் சுருக்கம் பெரும்பாலும் கடுமையானதே. இந்த வேறுபாட்டை மறந்தால் பெண்களின் நோய் கண்ணில் படாமல் போகும்.

2002இல் பிரான்சின் அலெய்ன் கிரிபியே, மார்பைத் திறக்காமல் குழாய் வழியே வால்வு பொருத்தினார். அதன்பின் சி.டி.யின் வேலை கூடியது: வால்வு வளையத்தின் அளவு, தொடை ரத்தக்குழாயின் அகலம் எல்லாவற்றையும் அதுவே சொல்கிறது.

வாத இதயநோய் இன்னும் நீங்காத இந்தியாவில் ஓர் எச்சரிக்கை அவசியம். அந்நோயால் சுருங்கிய வால்வில் சுண்ணாம்பு குறைவாக இருக்கலாம், அங்கே சி.டி. எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.