செவிக்குள் ஒலித்த சுருதி

தமிழ் வழங்கும் எல்லையைக் கடந்து வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, நோயுற்ற காலத்தில்தான் தாய்மொழியின் அருமை நன்கு புலப்படுகிறது. காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி முதலியவற்றை எந்த மொழியிலும் ஒருவாறு சொல்லிவிடலாம். கையால் தொட்டுக் காட்டினாலும் வைத்தியர் விளங்கிக்கொள்வார். காதுக்குள் ஓயாமல் ஓர் இரைச்சல் கேட்கிறது என்பதை எப்படித் தொட்டுக் காட்டுவது? ஹிந்தியில் 'கான் பஜ்னா' என்றொரு வழக்கு உண்டு. காது ஒலிக்கிறது என்பது அதன் நேர்ப்பொருள். ஆயின், ஒருவரும் அழையாதிருக்க, அழைத்ததாக எண்ணித் திரும்பிப் பார்ப்பவனைக் கேலி செய்வதற்கும் அதே சொற்கள்தாம் பயன்படுகின்றன. ஆகவே, சளி பிடித்துக் காதில் சீழ் கோத்து, அது ஆறிய பின்னர் இரவு பகலாக 'கொய்' என்ற ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் நம்மவர் ஒருவர், அரைகுறை ஹிந்தியில் அதனை எடுத்துரைத்தால், அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு புன்னகைதான். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று அஞ்சி வாய் மூடிக்கொள்வோர் பலர்.

இந்த அச்சத்திற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதனை அறிந்துகொள்வது நோயாளிக்குச் சிறிது துணையாகவும் இருக்கும் என்பது நம் கருத்து.

நம் நாட்டு வைத்திய நூலோர் இந்நோயை நன்கறிந்திருந்தனர். சுசுருத சங்கிதை காது நோய்கள் இருபத்தெட்டு என்று வகுத்து, அவற்றுள் இரைச்சலுக்கெனவே இரண்டு பெயர்களைத் தருகிறது. ஒன்று கர்ணநாதம், மற்றொன்று கர்ணச்வேடம். பேரிகை, மிருதங்கம், சங்கு ஆகியவற்றின் ஒலிகள் செவியில் கேட்பது முன்னதன் குறி என்று பிற்கால மாதவ நிதானம் விளக்குகிறது. வாதம் செவியின் வழியில் புகுந்து தங்குவதே காரணம் என்பது அவர்கள் கொள்கை. அக்கொள்கையை இன்று ஏற்கிறோமோ இல்லையோ, ஒலிகளை இனம் பிரித்துக் கேட்ட அந்த நுட்பம் வியக்கத்தக்கது. உரோமாபுரியில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, காது ஒலித்தால் தொலைவில் யாரோ நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று மக்கள் நம்பியதைக் குறித்து வைத்திருக்கிறார். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நம் வீடுகளில் சொல்வதற்கு இது உடன்பிறப்புப் போலும்!

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் வினாக்கோவை ஒன்றில் கூர்மையான ஒரு வினா காணப்படுகிறது. வெளியில் ஓர் ஒலியை எழுப்பினால் காதிரைச்சல் அடங்குவது ஏன் என்பதே அது. பெரிய ஒலி சிறிய ஒலியைத் துரத்திவிடுவதாலோ என்று விடையும் வினாவாகவே தரப்பட்டிருக்கிறது. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

இடைக்காலத்து ஐரோப்பாவில் இந்த ஒலி பேயின் வேலையாகக் கருதப்பட்டது. சமயச் சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூதர் 1527 ஜூலையில் ஒரு நாள் இடக்காதில் பேரிரைச்சல் கேட்டு மயங்கி விழுந்தார். 1530-ல் கோபுர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது, தலைக்குள் இடி முழங்குவதாகக் கடிதம் எழுதிவிட்டு, நாட்கணக்கில் நூல்களை மூடி வைத்தார். சாத்தானே தம்மை அலைக்கழிப்பதாக அவர் நம்பினார். 1541-ல் அவருடைய காதில் சீழ் கோத்துச் செவிப்பறை கிழிந்து, சில வாரங்கள் கேள்வியும் மங்கியது. இத்தனைக்கும் நடுவில் அவர் எழுதுவதை நிறுத்திவிடவில்லை.

சங்கீத மேதை பேத்தோவன் 1801 ஜூனில் தம் வைத்திய நண்பருக்கு எழுதிய கடிதத்தில், காதுகள் இரவும் பகலும் இரைவதாகவும், காது கேட்கவில்லை என்று பிறரிடம் சொல்ல முடியாமல் இரண்டாண்டுகளாகக் கூட்டங்களைத் தவிர்த்து வருவதாகவும் தெரிவித்தார். இது பலரும் அறிந்த செய்தி. அவரைவிடக் குறைவாக நம் நாட்டில் அறியப்பட்ட மற்றொரு மேதையின் வரலாறே நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது.

பெத்ரிக் ஸ்மெதானா 1824-ல் பொகீமிய நாட்டில், இன்றைய செக் குடியரசில், பிறந்தவர். செக் மக்கள் ஆஸ்திரியப் பேரரசின் கீழ், தம் மொழிக்கு உரிய இடமின்றி வாழ்ந்த காலம் அது. 1866 முதல் அவர் பிராகா நகரத்து நாடக அரங்கில் தலைமைச் சங்கீத நடத்துநராக விளங்கினார். ஐம்பது வயது நிரம்பிய 1874-ன் கோடைக்காலத்தில் அவருக்குத் தொண்டையில் நோய் கண்டது. உடம்பில் தடிப்பும் தோன்றிற்று. அடுத்துக் காதுகள் அடைத்துக்கொண்டன. பின்னர் ஒலிகள் தொடங்கின. ஆகஸ்டு மாதத்தில் அரங்கப் பணியைத் துணைவரிடம் ஒப்படைத்தார். முதலில் வலக்காது செவிடாயிற்று. அக்டோபர் 20-க்குள் இடக்காதும் போயிற்று. கேள்வி போனால் இரைச்சலும் போய்விடும் என்று நாம் எண்ணக்கூடும். அவ்வாறு நிகழவில்லை. பேரருவியின் அடியில் நிற்பவனுக்குக் கேட்பது போன்ற முழக்கமும், அதைக் கிழித்துக்கொண்டு எழும் சீழ்க்கை ஒலிகளும் அவரைவிட்டு நீங்கவில்லை.

அவருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை நாம் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்று. வீட்டைவிட்டு வெளியே செல்லாமல், காதுகளைப் பஞ்சினால் பொதிந்து, முழு அமைதியில் இருக்க வேண்டியிருப்பதாக அக்காலத்துக் கடிதமொன்றில் அவர் எழுதினார். பழைய மாணவர்களும் அன்பர்களும் பணம் திரட்டித் தர, 1875-ல் உர்ட்ஸ்புர்க், வியன்னா நகரங்களின் காது வைத்தியர்களிடமும் சென்று வந்தார். பயன் யாதும் இல்லை. தீராத நோயாயின் உயிர் வாழ்வதினும் விடுதலை நன்று என்று நாட்குறிப்பில் எழுதும் அளவுக்கு மனம் உடைந்தது. அவருடைய நோயின் மூலம் மேகநோயே என்று பிற்கால ஆய்வாளர் பலர் கருதினர். அதனை மறுப்போரும் உளர். அந்த விவாதத்தில் நாம் புக வேண்டுவதில்லை.

அரங்கத்தாருடன் பணத்தைப் பற்றியும் பூசல் எழுந்தது. ஆண்டுக்கு 1,200 கில்டர் உதவித்தொகை தருவதாகவும், அதற்கு ஈடாக அவருடைய இசை நாடகங்களை நடத்தும் உரிமை தங்களுக்கே என்றும் ஒப்பந்தமாயிற்று. நகர வாழ்க்கைக்கு அது போதாமையால், 1876-ல் யாப்கெனித்செ என்னும் சிற்றூரில் வன அதிகாரியான மருமகன் வீட்டில், மகள் சோபியாவிடம் போய்த் தங்கினார். பெரிய உத்தியோகத்திலிருந்து இறங்கி மகள் வீட்டை அடைந்த முதியவரின் நிலையை நம்மவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டுமா?

ஆயினும் நடந்தது இது. இரு காதுகளும் முற்றிலும் போன இரண்டு மாதங்களுக்குள், 1874 நவம்பர் 20 முதல் டிசம்பர் 8 வரை பத்தொன்பது நாட்களில், வுல்தாவா நதியைப் பற்றிய இசைச் சித்திரத்தை எழுதி முடித்தார். இரண்டு ஊற்றுக்கள் கூடி நதியாகி, காட்டையும் கலியாணக் கூட்டத்தையும் நிலவொளியையும் கடந்து தலைநகரை அடைவதை அவ்விசை காட்டுகிறது. 'என் தாயகம்' என்ற ஆறு இசைச் சித்திரங்களின் வரிசையில் இது இரண்டாவது. வரிசை 1879-ல் நிறைவுற்றது. இதற்கிடையில் 1876 நவம்பரில் அரங்கேறிய 'முத்தம்' என்ற இசை நாடகமும் பெரு வெற்றி பெற்றது. இரைச்சல் மிகும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தணிந்த பின் மீண்டும் எடுப்பது அவர் வழக்கம்.

1876 டிசம்பரில் 'என் வாழ்விலிருந்து' என்ற பெயரில் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஓர் இசையை எழுதினார். அதன் இறுதிப் பகுதி துள்ளலான நாட்டுப்புற நடனமாகத் தொடங்குகிறது. திடீரென்று எல்லாம் நிற்கிறது. மூன்று வாத்தியங்கள் கீழே நடுங்க, முதல் வயலின் உச்ச ஸ்தாயியில் 'ஈ' என்ற ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடித்து நிற்கிறது. செவிடாவதற்கு முன்னறிவிப்பாகத் தம் காதில் ஒலித்த ஓசை அதுவே என்று நண்பருக்கு அவர் எழுதினார். வெளியே எவர்க்கும் கேளாத, தொட்டுக் காட்டவியலாத ஒன்றை, அரங்கில் இருப்போர் அனைவருக்கும் கேட்கும்படி செய்துவிட்டார் அவர். மொழி தெரியாத ஊரில் தவிக்கும் நம்மவர்க்கு இது ஒரு விந்தையாகத் தோன்றும். பிராகாவின் சங்கீத சபையார், வாசிக்க முடியாதபடி கடினமாயிருக்கிறதென்று முதலில் அதனை மறுத்தனர். 1878-ல் ஒரு வீட்டுக் கச்சேரியில் அது வாசிக்கப்பட்டபோது வியோலா வாசித்தவர் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற துவோர்ஷாக். பொதுமேடை ஏறியது 1879 மார்ச்சில்.

இனி, முழு அமைதி என்ற அச்சிகிச்சைக்கு வருவோம். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, பாரிஸ் நகரத்துச் செவிடர் பள்ளியின் வைத்தியர் ழான் இத்தார் 1821-ல் வெளியிட்ட நூலில் இதற்கு நேர்மாறான வழியைக் கூறியிருந்தார். உள்ளிரைச்சலை ஒத்த ஒலியை வெளியில் உண்டாக்க வேண்டும் என்பது அவர் முறை. முழக்கமாகக் கேட்டால் அடுப்பில் தீயைக் கொழுந்துவிட்டு எரியச் செய்வது. சீழ்க்கையாகக் கேட்டால் ஈர விறகை இட்டுச் சீறவிடுவது. மணியோசையாயின், சிறு துளையுள்ள பாத்திரத்திலிருந்து நீர் உயரத்தினின்று செப்புக் கிண்ணத்தில் விழச் செய்வது. பழைய கிரேக்க வினாவின் விடையே இங்கு மருந்தாயிற்று. இவ்வளவு எளிய, செலவற்ற அறிவை ஐரோப்பிய வைத்தியர்கள் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு பொருட்படுத்தாமல் விட்டது வருந்தத்தக்கது.

அமைதி எவ்வாறு இடர் செய்கிறது என்பதை 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் எளிய சோதனையால் காட்டினர். கேள்வியில் குறையற்ற 80 பேரை ஒலி புகாத அறையில் சில நிமிடங்கள் அமர்த்தி, என்ன கேட்கிறதென்று எழுதச் சொன்னார்கள். 100-க்கு 94 பேர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாக எழுதினர்! ஆக, அந்த ஒலி நம்மில் பெரும்பாலோரிடம் மறைந்தே இருக்கிறது. வெளியுலகின் ஓசை அதனை மூடி வைத்திருக்கிறது.

1970-களில் ஓரகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில், காதிரைச்சலால் வருந்திய யூனிஸ் என்ற மருத்துவர் ஒரு நீரூற்றின் அருகே சென்றபோது தம் இரைச்சல் மறைந்ததைக் கண்டார். உடனிருந்த பேராசிரியர் ஜாக் வெர்னன், அந்த நீரோசையைச் சிறு கருவியாக்கிக் காதில் அணிவிக்கும் முயற்சியில் இறங்கினார். நம் வானொலிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இரண்டு நிலையங்களுக்கு இடையே முள்ளை நிறுத்தினால் எழும் 'உஸ்' என்ற ஓசையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு உறங்கியவர் பலர். நிகழ்ச்சிகளைக் கேட்பதற்கென்று நாம் வாங்கிய பெட்டி, நிகழ்ச்சியே இல்லாத இடத்திலும் உதவிற்று!

1990-களில் ஜாஸ்த்ரெபாப், ஹேஸல் என்ற இருவரும் வேறொரு கருத்தை முன்வைத்தனர். ஒலி பிறப்பதன்று, அதனை மூளை ஆபத்தின் அறிகுறியாகக் கொண்டு காவல் காப்பதே துன்பத்தின் வேர் என்றனர். இருப்புப்பாதை அருகே குடியேறியவன் முதல் மாதம் உறங்கமாட்டான். பிறகு வண்டி போனதே தெரியாது. அவ்வாறே மூளையையும் பழக்கலாம் என்பது அவர்கள் துணிபு. ஒலி அடங்காவிடினும் அதனால் விளையும் மனத்துயரைக் குறைப்பதில், எண்ணங்களைச் சீர்செய்யும் உளவியல் பயிற்சி நல்ல பயன் தருவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

காதில் சீழ் வந்தபின் இரைச்சல் தோன்றுவது ஏன்? நடுச்செவியில் நீர் கோத்தால் வெளியோசை மங்குகிறது. மங்கியதை ஈடுசெய்ய மூளை தன் கூர்மையை ஏற்றிக்கொள்கிறது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். நீர் வற்றிக் கேள்வி திரும்பும்போது பெரும்பாலோர்க்கு இரைச்சலும் குறைந்துவிடும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். மருந்துகளாலும் இரைச்சல் வருவதுண்டு. 1892 முதல் வங்காளத்து அஞ்சலகங்களில் காலணாப் பொட்டலமாக விற்ற கொயினா மருந்தை மிகுதியாக உண்டவர்க்குக் காது இரைந்தது. மிகுந்த அளவில் ஆஸ்பிரினும், ஸ்ட்ரெப்டோமைசின் இனத்து ஊசிகளும் அத்தகையவையே. நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. பூண்டைக் காய்ச்சிய எண்ணெயைச் சீழ் வடியும் காதில் ஊற்றுவது தீங்கு. செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும்.

பம்பாய் பாந்திராவில் 1983-ல் தோன்றிய அலி யாவர் ஜங் நிலையமும், மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிலையமும் காது கேள்வியை ஆராய்வதற்கென்றே அமைந்தவை. அங்கோ, அருகிலுள்ள காது வைத்தியரிடமோ செல்லும் நம்மவர், மொழி தடுமாறும் என்று தோன்றினால், நான்கு செய்திகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போகலாம். இரைச்சல் ஒரு காதிலா, இரண்டிலுமா, எந்த நாள் தொடங்கிற்று, நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கிறதா, தலைசுற்றல் உண்டா. ஓரிரு நாட்களுக்குள் திடீரென ஒரு காது கேளாமற்போயிருந்தால், அதனை முதல் வரியில் எழுதி, அன்றே போக வேண்டும்.