பெயர்ந்த காசி, பெயராத கானான்

தென்காசி என்கிற பெயருக்குள்ளேயே ஒரு இறையியல் ஒளிந்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றங்கரையில் விசுவநாதருக்குக் கோயில் எடுத்தபோது, கங்கைக்கரைக்குப் போய்வர முடியாதவர்களுக்காகக் காசியையே தெற்கே கொண்டுவந்துவிட்டான். இதனால் வடக்கே இருக்கிற காசி குறைந்துபோகவில்லை. அங்கே குடியிருந்தவர்களை யாரும் விரட்டவுமில்லை. தென்காசியிலிருந்து கொஞ்சதூரம் போனால் பொட்டல்புதூர். பக்தாதில் அடங்கியிருக்கும் முகைதீன் ஆண்டவருக்கு அங்கே தர்கா இருக்கிறது. கந்தூரிக்கு எல்லாச் சாதி ஆட்களும் போகிறார்கள். இன்னும் கிழக்கே தேரிக்காட்டுப் பக்கம் இறங்கினால் நாசரேத் வரும், பெத்லகேம் வரும். இந்தச் சீமையில் புனித நிலம் என்பது நாற்று மாதிரி. பிடுங்கி நடலாம், நட்ட இடத்தில் வேர் பிடிக்கும்.

அப்படியிருக்க, ஆபிரகாமுக்குச் சொல்லப்பட்ட நிலம் மட்டும் பெயராது, அது நைல் நதியிலிருந்து ஐபிராத்து வரைக்கும் உள்ள நிஜமான மண்தான், அதை ஒரு நவீன அரசு இராணுவத்தால் பிடிப்பதே தீர்க்கதரிசன நிறைவேற்றம் என்று நம்ம ஊர்ச் சபைகளில் எப்படி வந்து சேர்ந்தது? குற்றாலத்தில் ஒரு சீசனில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில், தலை துவட்டிக்கொண்டிருந்த என் கையில் ஒருவர் கைப்பிரதி ஒன்றைத் திணித்தார். வரைபடம் போட்டு அம்புக்குறியெல்லாம் வரைந்திருந்தது. அதில் பாலஸ்தீனர் என்ற சொல்லே இல்லை. ‘வெளிநாட்டுச் சதி’, ‘மூளைச்சலவை’ என்று இதை நம் முற்போக்கு நண்பர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இதற்கு ஒரு உள்ளூர் வரலாறு உண்டு.

1799-இல் முதலூர் உண்டானது. கிறிஸ்தவர்களானதால் அடிபட்டு, ஜெபவீடுகளை இழந்து ஓடிவந்த பனையேறிக் குடும்பங்களுக்காக, கம்பெனிப் பட்டாள அதிகாரி ஒருவரின் உதவியோடு தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி ஏற்படுத்திய ஊர் அது. பெயரே ‘முதல் ஊர்’. அதற்கு முன்னால் தங்களுக்கென்று ஊரே இருந்ததில்லை என்பதுபோல. பிறகு பாளையங்கோட்டையில் ரேனியஸ் 1830-இல் தர்ம சங்கம் என்று ஒன்றை உண்டாக்கினார். காசு சேர்த்து நிலம் வாங்குவது, அடிக்கிற நிலக்கிழாரிடமிருந்து தப்பி வருகிறவனை அங்கே குடிவைப்பது. மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம் என்ற பெயர்களை உரக்கச் சொல்லிப் பாருங்கள். பிரஷ்யாவில் பணம் கொடுத்த தோனா பிரபுவின் பெயரில்கூட டோனாவூர் என்று ஒரு ஊர் இருக்கிறது. கல்வி, சுகாதாரம், மதமாற்றம் என்றுதான் மிஷன் வரலாற்றை எழுதுகிறோம். அடிப்படையில் அது ஒரு நிலப் பிரச்சனையாக இருந்ததைப் பேசுவதில்லை.

இந்த மக்கள் யாத்திராகமத்தை எப்படி வாசித்திருப்பார்கள்? எகிப்து என்றால் பக்கத்து ஊர்ப் பண்ணையார். செங்கடல் என்றால் ராத்திரியோடு ராத்திரியாகத் தாண்டிய ஓடை. கானான் என்றால் தர்ம சங்கத்தின் பத்திரத்தில் உள்ள நாலு ஏக்கர் தேரி மணல். இஸ்ரவேல் என்றால் தாங்கள்தான். வாக்குத்தத்தத்தைத் தங்கள்மேல் எடுத்துக்கொண்ட வாசிப்பு இது.

மொழியும் இதற்கு ஒத்துழைத்தது. 1871-இல் வந்த பவர் மொழிபெயர்ப்பில் இஸ்ரவேலரின் நிலவுரிமைக்கு வருகிற சொற்களில் இரண்டு முக்கியமானவை: காணியாட்சி, சுதந்தரம். காணி என்பது வேளாளனுக்கும் பிராமணனுக்கும் கல்வெட்டுகளிலிருந்தே உரிய சொல். சுதந்தரம் என்றால் அன்றைக்கு அரசியல் விடுதலை அல்ல. வழிவழியாக வரும் பாத்தியதை, களத்துமேட்டில் ஊர் ஊழியக்காரனுக்கு அளந்துபோடும் பங்கு. காணி என்றைக்குமே இல்லாதவன் கையில், களத்துமேட்டுக்கு வெளியே நின்றவன் கையில், இந்த இரண்டு சொல்லும் அச்சாகி வந்து விழுந்தன. வேதத்தில் உனக்குக் காணியாட்சி உண்டு என்று எழுதியிருப்பதை வாசித்தவன் எருசலேமையா நினைத்திருப்பான்?

இந்த வாசிப்பைப் புனிதப்படுத்தவும் நான் தயாராக இல்லை. ஐரோப்பாவில் ‘நாங்களே புதிய இஸ்ரவேல்’ என்று சபை சொன்னபோது, பழைய இஸ்ரவேல் தேவையற்றதாகி, யூதர்கள் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். அதே வாக்கியத்தை முதலூரான் சொல்லும்போது எந்த யூதனுக்கும் அடி விழவில்லை என்பது அவனுடைய நற்குணத்தால் அல்ல, அவனிடம் அதிகாரம் இல்லாததால். யார் சொல்கிறார், எங்கிருந்து சொல்கிறார் என்பதைக் கழித்துவிட்டு எந்த விளக்கத்தையும் எடைபோட முடியாது.

இனி அடுத்த அலை. 1820-களின் கடைசியில் டப்ளினில் சிலர் பாதிரிமார் இல்லாமல் வேதத்தோடு அப்பம் பிட்கக் கூடினார்கள். அவர்களில் ஒருவர் பல்மருத்துவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், இன்னொருவர் ஜான் நெல்சன் டார்பி. 1831 முதல் அயர்லாந்தில் பவர்ஸ்கோர்ட் சீமாட்டியின் வீட்டில் தீர்க்கதரிசன மாநாடுகள் நடந்தன. அந்த வட்டாரத்திலிருந்து டார்பி உருவாக்கிய திட்டம்தான் சரித்திரத்தை யுகம் யுகமாக வெட்டிப் பிரிப்பது. அதன் உயிர்நாடி ஒரே பிரிவினை: இஸ்ரவேல் வேறு, சபை வேறு. இஸ்ரவேலுக்குப் பூமி, சபைக்கு வானம். சபை இரகசிய வருகையில் எடுத்துக்கொள்ளப்படும், யூதர்கள் தேசத்துக்குத் திரும்புவார்கள், உபத்திரவம் வரும், பிறகு ஆயிரவருட அரசாட்சி. யூதருக்காக அழுகிற மாதிரித் தெரியும் இந்தத் திட்டத்தில், கடைசி அங்கத்தில் பெரும்பாலான யூதர்கள் செத்துப்போகிறார்கள். இதைப் பிரசங்கிகள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

குரோவ்ஸ் பக்தாதிலிருந்து 1833-இல் இந்தியா வந்தார். (பக்தாதிலிருந்து நம்ம பக்கம் வந்த இரண்டாவது ஆள் என்று பொட்டல்புதூர் நண்பர் ஒருவர் கேலி செய்வார்.) அதே ஆண்டில், யூதராகப் பிறந்து கிறிஸ்தவரான ஜோசப் வோல்ஃப் என்பவரும் தென்னிந்தியாவில் சுற்றிக்கொண்டிருந்தார்; கிறிஸ்து 1847-இல் எருசலேமுக்கு வருவார் என்று கணக்குப் போட்டிருந்தவர். குரோவ்ஸ் ரேனியஸோடு நட்பானார். 1835-இல் ரேனியஸ் தன் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். ரேனியஸிடம் படித்த உக்கிரன்கோட்டை அருளப்பன் குரோவ்ஸோடு ஊர் ஊராகப் போனார். 1840-இல் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை ஏற்படுத்தினார். மிஷன் சம்பளம் வாங்காத ஊழியம். அதே 1840-இல்தான் லண்டனில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, யூதர்களைப் பாலஸ்தீனத்தில் குடியேற்றச் சொல்லி வெளியுறவு அமைச்சர் பால்மர்ஸ்டனை நச்சரித்துக்கொண்டிருந்தார். ஒருத்தருக்கு வத்திராயிருப்பில் ஒரு ஊர், இன்னொருத்தருக்கு சாம்ராஜ்யத்தின் வரைபடத்தில் ஒரு ஊர்.

அருளப்பனை டார்பியின் தமிழ்க் கிளை என்று எழுதிவிடுவது சுலபம், ஆனால் தப்பு. குரோவ்ஸே 1836-இல் டார்பியின் பிடிவாதத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதியவர். 1860 மார்ச்சில் அருளப்பனின் சபைகளில் எழுப்புதல் கிளம்பியது. பாஷைகள் பேசினார்கள், பெண்கள் தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அழுதார்கள், விழுந்தார்கள். வருகை சமீபம் என்ற நெருக்கடி அதில் இருந்தது. ஆனால் அது யூதரின் தேசத்தைப் பற்றியதல்ல, தங்கள் பாவத்தையும் தங்கள் வாசலையும் பற்றியது. ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப்பக்கம் திருவிதாங்கூரில் இந்த எழுப்புதல் எதிரொலித்தபோதுதான் தேதி நுழைந்தது. பிராமணராகப் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், 1881-இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். வரவில்லை. யூயோமயம் என்ற சிறு சபையாக அது மிஞ்சியது.

இதன்பிறகு நடந்தது ஊரின் கதை அல்ல, அச்சகத்தின் கதை. 1909-இல் ஸ்கோஃபீல்டு வேதாகமம் டார்பியின் யுகங்களை அடிக்குறிப்பாக்கி வேதவசனத்துக்குக் கீழேயே போட்டது. அடிக்குறிப்பு எது, வசனம் எது என்று வாசகனுக்கு வித்தியாசம் மறந்துபோயிற்று. 1917-இல் பால்ஃபர் பிரகடனம், 1948-இல் இஸ்ரேல், 1967-இல் எருசலேமின் கிழக்குப் பகுதி. ஒவ்வொன்றும் ‘நிரூபணம்’. 1970-இல் ஹால் லிண்ட்சேயின் புத்தகம் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றது. அத்திமரம் துளிர்ப்பது என்றால் இஸ்ரேல் பிறந்தது, ஒரு சந்ததி நாற்பது வருஷம், ஆக 1948-ஓடு 40-ஐக் கூட்டிக்கொள் என்ற கணக்கு, தென்காசி வட்டாரக் கன்வென்ஷன் பந்தல்களுக்கும் வந்து சேர்ந்தது. சின்ன வயசில் அப்படியொரு பந்தலில் பெரியம்மை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். துணியில் வரைந்த பெரிய படம், கம்பை வைத்துக் காட்டுகிற பிரசங்கியார். பீடி சுற்றிப் பிழைத்தவள் பெரியம்மை. சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள்: “அவிய ஊரு அவியளுக்குக் கெடச்சிட்டு, சரி. அங்கன இருந்தவியல்லாம் எங்கல போனாவ?” எனக்குப் பதில் தெரியவில்லை. படத்திலும் இல்லை. 1988 வந்தது, போனது, கணக்கை மாற்றிக்கொண்டார்கள்.

அவளுக்குச் சொல்லவேண்டிய பதிலை இப்போது சொல்லலாம். 1948-இல் ஏழு லட்சத்துக்கும் மேலான பாலஸ்தீனர்கள் ஊரிழந்தார்கள். நம் நாசரேத்துக்குப் பெயர் கொடுத்த நாசரேத்தில், பக்கத்துச் சஃபூரியா கிராமத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் அகதிகளாகக் குடியேறினார்கள். தங்கள் வயல்கள் பார்வை எட்டும் தூரத்தில். இக்ரித் என்றொரு கிறிஸ்தவக் கிராமம். இரண்டு வாரத்துக்கு வெளியே இருங்கள் என்று 1948 நவம்பரில் இராணுவம் சொன்னது. திரும்பலாம் என்று 1951 ஜூலையில் இஸ்ரேலின் உச்சநீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தேவாலயமும் கல்லறைகளும் மட்டும் மிஞ்சின. 2023 அக்டோபரில் காஸாவின் புனித போர்பிரியுஸ் தேவாலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்தது. ஜெபவீடு இடிந்து ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புரியாத கதையா? டார்பியின் வரைபடம் இடையில் இல்லாவிட்டால், முதலூரும் இக்ரித்தும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டிருக்கும்.

மலைக்கு அந்தப்பக்கமே வேறு ஒரு சாசனமும் இருக்கிறது. சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சேர மன்னன் பாஸ்கர ரவி, யூதரான ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் வட்டெழுத்தில் செப்பேட்டில் வெட்டிக் கொடுத்தான். வானத்திலிருந்து வராத வாக்குத்தத்தம். அதை வைத்துக்கொண்டு கொச்சி யூதர்கள் நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

ஓசேஜ் பழங்குடியைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர் 1989-இல் ஒரு கட்டுரை எழுதினார்: யாத்திராகமத்தை விடுதலைக் கதையாக வாசிக்கிறீர்கள், சரி, நான் அதைக் கானானியனாக வாசிக்கிறேன், அந்த நிலத்தில் ஏற்கெனவே இருந்தவன் நான். அதே ஆண்டில் பாலஸ்தீன குருவான நயீம் அதீக்கும் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதினார். தங்களைப் பூர்வகுடிகள் என்று அயோத்திதாசர் காலத்திலிருந்து சொல்லிவருகிறவர்கள், கன்வென்ஷன் பந்தலில் உட்கார்ந்து யோசுவாவின் பக்கம் கைதட்டுவது எப்பேர்ப்பட்ட விநோதம்!

லேவியராகமம் 25-ஆம் அதிகாரம், நிலம் என்றைக்குமாக விற்கப்படக்கூடாது, யூபிலி வருஷத்தில் காணியாட்சி பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892-இல் வந்த பஞ்சமி நில ஆணையும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது: பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத்தான் விற்கலாம். 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. பெரும்பகுதி கைமாறிப் போய்விட்டது. 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்களில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். தென்காசி, சுரண்டை, நல்லூர் என்று எத்தனையோ பந்தல்களில் எசேக்கியேலையும் தானியேலையும் விரித்துப் படம் காட்டக் கேட்டிருக்கிறேன். லேவியராகமத்தின் அந்த 25-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு காரணையைப் பற்றிப் பேசிய ஒரு பிரசங்கத்தை இதுவரை நான் கேட்கவில்லை.