கள்ளுக்கடையிலிருந்து வகுப்பறைக்கு

அபினும் சாராயமும் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுத்தான் பினாங்கின் ஆங்கில நிர்வாகம் தொடக்கத்தில் வருமானம் பார்த்தது. 1910இல் அபின் வணிகத்தை அரசே கையிலெடுத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகே அது தடைசெய்யப்பட்டது.

தோட்டத் தமிழருக்கு வாய்த்தது கள். குடியிருப்புக்குப் பக்கத்திலேயே கடை; சம்பளப் பணம் அன்று மாலையே அங்கே கரைந்தது. அக்கரையில், கெடாவில், தொண்டர் படை இளைஞர்கள் 1947இல் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். போலீசாருடன் நடந்த மோதலில் உயிரே போனது. பின்னாளில் சம்சு என்ற மலிவுச் சாராயம் பரவியது: சின்னப் போத்தல், மலிவு விலை, கடும் போதை.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969இல் தோன்றியது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் அது சம்சுவை விடாமல் எதிர்த்தது. பள்ளிகளுக்குள்ளும் போய் மாணவரிடம் பேசியது. போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரியென மலேசிய அரசு அறிவித்தது 1983இல்தான்.

ஆண்டுக்கொரு போதை எதிர்ப்புச் சுவரொட்டிப் போட்டி மட்டும் மாணவரைக் காக்காது. போதையை விற்பவர் எப்படி ஆசை காட்டுகிறார், லாபம் யாருக்குப் போகிறது என்று மாணவரே அலசிப் பார்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இந்தப் பாடத்தைக் கையிலெடுக்கட்டும்.