மிக் வெல்டிங் பிறந்த கதை

இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1948-இல், அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரிலுள்ள பாட்டெல் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில், இடையறாது ஊட்டப்படும் கம்பியே மின்வில்லில் உருகி இணைப்பாக, ஆர்கான் போன்ற ஜடவாயு அவ்வுருகலைக் காற்று தீண்டாமல் காக்கும் மிக் வெல்டிங் முறை, முக்கியமாக அலுமினியத்தின் பொருட்டு உருப்பெற்றது. ஜடவாயுவின் விலையோ அதிகம். 1953-இல் மலிவான கரியமிலவாயு உபயோகத்துக்கு வந்த பிறகே எஃகுப் பட்டறைகளில் இம்முறை வேரூன்றிற்று.

ஆயினும், உலோகத்தைக் காக்கும் அவ்வாயு மனிதனைக் காப்பதில்லை. காற்றினும் கனமான ஆர்கான் மூடிய தொட்டியின் அடியில் தேங்கிப் பிராணவாயுவை அகற்றிவிடும். கரியமிலவாயுவோ வில்லின் உஷ்ணத்தில் ஓரளவு சிதைந்து, நச்சான கார்பன் மோனாக்சைடைத் தரும். இவற்றுக்கும் மேலாக, மறைப்பற்ற வில்லினின்று பாயும் புறஊதாக் கிரணங்கள் கண்ணையும் சருமத்தையும் சுடும். ஆகையால், கறுப்புக் கண்ணாடி பதித்த முகக்கவசத்தையும் தோல் கையுறையையும் நல்ல காற்றோட்டத்தையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே பட்டறைக்காரர் கணக்கிட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.