இடர்க்காலத்தில் சொல்லும் செயலும்

களனிப் பள்ளத்தாக்கில் வாழும் மக்களுக்கு மழையே வாழ்வும் தாழ்வும் ஆகும். கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியில், இறப்பர்த் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள தெஹியோவிட்ட இதற்கு ஏற்ற சான்றாகும். மழை மிகுந்தால் வெள்ளமும் மண்சரிவும் அங்கு அச்சுறுத்தும். மழை பொய்த்தாலோ நோய் வரக்கூடும் என்பதை வரலாறு காட்டுகின்றது. இத்தகைய இடர்க்காலங்களில் அரசும் ஏனைய அமைப்புகளும் மக்களுக்குச் செய்தியை எவ்வாறு சேர்ப்பித்தன என்பது ஆராயத்தக்கது.

1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் ஓட்டம் குன்றிக் குட்டைகளாகத் தேங்கின. அவற்றில் மலேரியாவைப் பரப்பும் நுளம்புகள் பல்கிப் பெருகின. வறண்ட பகுதி மக்களைப் போல அந்நோய்க்குப் பழகிய உடல்வலிமை ஈரவலய மக்களுக்கு இருக்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் எழுந்த கொள்ளைநோய் 1935இலும் நீடித்து, இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் கேகாலை மாவட்டமும் ஒன்றாகும்.

அக்காலத்தில் கொயினா மருந்து இல்லாமலில்லை. அரசு மருத்துவப் பகுதியும் இயங்கியது. ஆயினும் காய்ச்சலில் கிடப்பவன் மருந்தகத்தைத் தேடி நடப்பது எங்ஙனம்? வீடு முழுவதும் நோயுற்றிருக்கையில் மருந்துண்ணும் முறையை எடுத்துரைப்பார் யார்? இவ்விடத்திலேதான் சூரியமல் இயக்கத்தினரின் தொண்டு சிறப்புறுகின்றது. என். எம். பெரேரா, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலியோர் தொண்டர்களுடன் ஊர்களுக்குச் சென்று, மருந்தோடு பருப்பும் மார்மைட்டும் வழங்கினர். பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தையா' என்றே அழைத்தனர். அறிவுரையும் உதவியும் ஒரே கையால் வந்தமையால் மக்கள் அவற்றை நம்பி ஏற்றனர். நோயின் அடியில் பசியும் வறுமையும் கிடப்பதைத் தொண்டர்கள் நேரிற் கண்டு வெளியுலகுக்கு உரைத்தனர். செய்தி மேலிருந்து கீழே சென்றதோடு கீழிருந்து மேலேயும் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் ருவான்வெல்லைத் தொகுதி மக்கள் பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

தோட்டங்களின் நிலை வேறு. அங்கே செய்தி செல்வதற்கு ஒழுங்கான வழியொன்று நெடுங்காலமாக இருந்தது. தப்பொலி கேட்டுத் தொழிலாளர் பிரட்டுக்களத்திற் கூடுவர். துரையின் கட்டளை கணக்கப்பிள்ளை, கங்காணி வாயிலாக லயத்தை அடையும். ஆனால் அவ்வழி கட்டளை இறங்குவதற்காக அமைக்கப்பட்டதேயன்றி, தொழிலாளியின் அச்சமும் குறையும் ஏறிச் செல்வதற்காக அமைக்கப்பட்டதன்று. இக்குறை எத்துணைக் கொடியது என்பதைப் பிற்கால நிகழ்ச்சிகள் காட்டின.

பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் வாழ்தற்குத் தகுதியற்றது, மக்களை இடம் மாற்றவேண்டும் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் தெரிவித்திருந்தது. எனவே அறியாமை அங்கு முதற்காரணமன்று. லயத்தைவிட வேறு வீடோ காணியோ இல்லாத தொழிலாளி, 'வெளியேறு' என்ற சொல்லைக் கேட்டு எங்கே செல்வான்? போக்கிடம் காட்டாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கையே. 2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்திலேயே அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவுகள் நேர்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் நிறுவப்பட்டது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்புடன் இருத்தல், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் உடனே வெளியேறுதல் என மண்சரிவு எச்சரிக்கை மூன்று படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. இது தெளிவான முறையே. எனினும் நள்ளிரவில் வரும் அவ்வறிவித்தல் லயத்திலுள்ள முதியவளுக்குத் தமிழில், அவளறிந்த குரலில் கிடைத்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மொழியுரிமை ஏட்டளவில் நின்றுவிடாது உயிர்காக்கும் நேரத்திற் பயன்படுவதே அதன் உண்மைச் சோதனையாகும். 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டமை, இச்சோதனை இன்னும் முடியவில்லை என்பதை உணர்த்துகின்றது.

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகும். செய்தி கேட்பவனின் மொழியில் அமையவேண்டும். அவன் நம்பும் ஒருவர் வாயிலாக வரவேண்டும். அவன் செய்யக்கூடிய செயலையும் சென்று சேரக்கூடிய இடத்தையும் உடன் கொண்டிருக்கவேண்டும். கருவிகள் பெருகிய இக்காலத்திலும் இம்மூன்றுக்கும் மாற்றில்லை. தோட்டப் பாடசாலைகளும் ஆசிரியரும் கற்ற இளைஞரும் மழைமானியின் அளவைப் படித்துச் சொல்லவும், அறிவித்தலைத் தமிழிற் சேர்ப்பிக்கவும், லயத்தின் குரலை அலுவலகத்திற்கு எடுத்துச் செல்லவும் முன்வருவாராயின், எச்சரிக்கை வெறும் சொல்லாக நில்லாது உயிர்காக்கும் செயலாக மலரும்.