ஒற்றை அம்பின் தெரிவு: தளவாய்புரம் – திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து வேட்டை அம்பு குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

இராசபாளையத்திற்குத் தெற்கே, மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரச் சமவெளியில் தளவாய்புரம் அமைந்துள்ளது. வடக்கே திருவில்லிபுத்தூர். முன்னதன் பெயரில் படைத்தலைவனைக் குறிக்கும் ‘தளவாய்’ என்னும் சொல் நிற்கிறது. பின்னதன் பெயரில், தலபுராண மரபின்படி, வில்லி என்னும் வேடர் தலைவன் நிற்கிறான். மல்லியின் மக்களாகிய வில்லியும் கண்டனும் வேட்டைக்குச் சென்றபோது கண்டன் புலிக்கு இரையானான். வில்லி காடு திருத்தி நகர் அமைத்தான் என்பது அம்மரபு. இக்கதையை வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும், போரின் நினைவும் வேட்டையின் நினைவும் அருகருகே ஊர்ப்பெயர்களாகி நிற்பது கருதத்தக்கது.

போருக்கும் வேட்டைக்கும் வில் பொது. அம்பு பொதுவன்று. நிகண்டுகளோ கணை, கோல், சரம், பகழி, வாளி முதலியவற்றை அம்பின் பெயர்களாக ஒரே வரிசையில் தொகுத்துள்ளன. செய்யுள் இயற்றுவோர்க்கு அத்தொகுப்பு பெரும் உதவி. ஆனால் எந்த விலங்குக்கு எந்த அம்பு என்ற வேட்டுவனின் தெரிவறிவு அதில் கரைந்துவிட்டது. அதனை எந்த அளவிற்கு மீட்டெடுக்க இயலும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மழையும் ஒற்றைக் கணையும்

திருவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், திருப்பாவையின் 4-ஆம் பாசுரத்தில், சார்ங்கம் என்னும் வில்லிலிருந்து பொழியும் சரங்களை மழைக்கு உவமையாக்குகிறார். இது போர்க்கள அம்பு. எண்ணிக்கையே அதன் வலிமை. பல தவறினும் சில தைத்தால் போதும்.

புறநானூற்று 152-ஆம் பாடல் இதற்கு நேர்மாறானது. வல்வில் ஓரியின் வேட்டையைப் பாடும் வன்பரணர் ஒரே ஒரு பகழியைப் பின்தொடர்கிறார். அது யானையை வீழ்த்தி, புலி, கலைமான், பன்றி ஆகியவற்றைக் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. இது புகழ்ச்சியின் மிகை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மிகை எதன்மேல் ஏற்றப்படுகிறது என்பதை நோக்கவேண்டும். விரைவோ தொலைவோ அன்று, ஊடுருவலே இங்குப் பாராட்டப்படும் பண்பு. ஐந்து விலங்குக்கும் ஓர் அம்பு போதுமாயிற்று என்பது வியப்பாவதற்கு, அவ்வாறு போதாது என்ற அறிவு கேட்போரிடம் முன்பே இருந்திருக்கவேண்டும்.

திருக்குறளின் 772-ஆம் பாடலும் இவ்வறிவுக்குச் சான்று. முயலை எய்த அம்பையும் யானையைத் தவறவிட்ட வேலையும் அது ஒப்பிடுகிறது. உரைகள் இதனை வீரத்தின் அளவாகவே விளக்குகின்றன, அது பொருந்தும். ஆனால் முயலோடு அம்பும் யானையோடு வேலும் இணைந்து நிற்பதில் கருவித் தெரிவு பற்றிய வழக்கறிவு ஒன்று உள்ளதென்பது உரைகளில் போதிய கவனம் பெறவில்லை.

தைத்தபின் ஓடும் விலங்கு

அகத்துறைகளுள் ‘கெடுதி வினாதல்’ என ஒன்று உண்டு. அம்பு தைத்து ஓடிய விலங்கு இவ்வழி வந்ததா எனத் தலைவன் தலைவியிடமும் தோழியிடமும் கேட்பான். திருக்கோவையாரில் ‘வேழம் வினாதல்’, ‘கலைமான் வினாதல்’ எனத் தனித்துறைகளே அமைந்துள்ளன. பேச்சுத் தொடங்குவதற்கான சாக்காக மட்டுமே இது பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. சாக்கு நம்பத்தக்கதாக இருக்கவேண்டும் அன்றோ! அம்பு தைத்த விலங்கு உடனே வீழ்வதில்லை, நெடுந்தொலைவு ஓடி மறையும் என்பது அன்றாட அனுபவமாக இருந்ததால்தான் அக்கேள்வி பொருந்துகிறது. அவ்வோட்டத்தைக் குறைப்பதே வேட்டை அம்பைத் தெரிவதன் நோக்கம். குறையாதபோது நாய் வேண்டும். பன்றி வேட்டைக்குப் பெயர்பெற்ற இராசபாளையம் நாய், 2005-இல் அஞ்சல்தலையிலும் இடம்பெற்றது.

பெரியபுராணத்தில் வேட்டையின்போது திண்ணனார் பன்றியை முடிப்பது அம்பால் அன்று, சுரிகையால். யானைக்கன்றுகளையும் குருளைகளையும் கருவுற்ற பிணைகளையும் வேடர்கள் விட்டுவிட்டதாகவும் சேக்கிழார் பாடுகிறார்.

முனையும் தண்டும்

பொருட்சான்றுகள் இதனினும் தெளிவானவை. திருநெல்வேலிச் சீமையின் தேரி மணற்பகுதிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை 1956-இல் சாய்னரும் ஆல்ச்சினும் விரிவாக வெளியிட்டனர். அவற்றுள் ஒருபுறமும் இருபுறமும் செதுக்கப்பட்ட கூர்முனைகள் உள்ளன. விருதுநகர் மாவட்டத்திலேயே வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022-இல் தொடங்கிய அகழாய்வும் நுண்கற்கருவிகளைத் தந்துள்ளது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்தவற்றுள் இரும்பு அம்புமுனைகள் உண்டு.

முனைகளைத் தொழிலால் பகுக்கும் பழைய நூல் அர்த்தசாத்திரம். ஆயுதச்சாலை பற்றிய அதன் பகுதி, அறுப்பவை, துளைப்பவை, தாக்குபவை என முனைகளை மூன்றாக்கி, அவை இரும்பாலும் எலும்பாலும் மரத்தாலும் ஆனவை என்கிறது. தண்டுக்கு மூங்கிலும் நாணலும் கூறப்படுகின்றன. வடமொழியில் ‘சரம்’ நாணலையும் அம்பையும் குறிக்கும். தமிழ்க் ‘கோல்’ கம்பையும் அம்பையும் குறிக்கும். இரண்டும் தண்டால் பெற்ற பெயர்கள். நிகண்டின் வரிசையில் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை.

காம்பவுண்டு வில் காட்டும் விளக்கம்

அமெரிக்கரான ஹோலஸ் வில்பர் ஆலன் 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969-இல் பெற்ற காம்பவுண்டு வில், இச்சிக்கலை வேறொரு கோணத்தில் தெளிவாக்குகிறது. அதன் முனைகளிலுள்ள கப்பிகளால், நாணை முழுதும் இழுத்தபின் கைக்கு வரும் சுமை பெரிதும் குறைகிறது. எய்பவன் நிதானமாகக் குறிபார்க்கலாம். வில்லின் ஆற்றல் ஏறத்தாழ நிலையாகிவிடவே, அம்பின் தெரிவே எஞ்சி நிற்கிறது. தண்டு அளவுக்குமீறி நெகிழ்ந்தால் பறக்கும்போது நெளிந்து, தைக்கும் இடத்தில் விசையை இழக்கும். எடை குறைந்த அம்பு விரைந்து, தாழாமல் செல்லும். எடை மிகுந்தது மெதுவாகச் சென்றாலும் ஆழமாக ஊடுருவும். 60 பவுண்டு இழுவிசையுள்ள வில்லுக்கு 300 கிரெய்னுக்கு, அதாவது ஏறத்தாழ 19 கிராமுக்குக் குறையாத அம்பு வேண்டுமென்பது பரவலான வழக்கு. அது வில் பழுதாகாமல் காக்கும் எல்லை மட்டுமே. பெருவிலங்கு வேட்டையாடுவோர் 400 கிரெய்னுக்கு மேற்பட்டதையே நாடுவர். முனையிலும் அகன்ற அலகுடையதே வேட்டைக்குரியது. அது குருதிக்குழாய்களை அறுத்து விலங்கை விரைவில் வீழ்த்தும். பயிற்சிக்கும் போட்டிக்கும் உரிய கூர்முனை துளைக்குமேயன்றி அறுக்காது.

இந்தியாவில் இத்தெரிவு இன்று ஏட்டளவினதே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்தது. வில்லியின் கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் மலைப்பகுதி 2021 முதல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாக உள்ளது. காம்பவுண்டு வில் இங்கு விளையாட்டுக் கருவி மட்டுமே.

ஆகவே வேட்டுவனின் தெரிவறிவை வழக்காற்றிலிருந்து நேரே கேட்டுப் பெறும் வாய்ப்பு ஆண்டுதோறும் குறைகிறது. எஞ்சுபவை முனைகள். அகழாய்வில் கிடைக்கும் ஒவ்வொரு முனையின் நீளத்தோடு அதன் எடையும், தண்டு பொருந்தும் அடிப்பகுதியின் தடிப்பும் பதிவாகுமாயின், அது எத்தகைய தண்டில் பொருந்தி எவ்வளவு பெரிய விலங்கைக் குறித்தது என்பதைக் கணிக்க இயலும். பகழி, வாளி முதலிய சொற்கள் இலக்கியத்தில் எவ்வெவ் விலங்குகளோடு வருகின்றன என்னும் அட்டவணையை அதனருகில் வைத்து ஒப்பிடவேண்டும்.