அங்கவடியும் பனிப்பலகையும்

சந்தாபுராவில் வாழும் நமக்குப் பனி புதிது. பாதத்தைப் பிணைக்கும் கலையோ புதிதன்று. நம் ஊரிலிருந்து நெடுஞ்சாலை வழியே தெற்கே சென்றால், ஓசூரை அடுத்த மத்திகிரியில், கிழக்கிந்தியக் கும்பினியார் 1824ஆம் ஆண்டில் படைக்குதிரை வளர்ப்பதற்கென நிறுவிய பண்ணையைக் காணலாம். குதிரை என்றதும் அங்கவடி நினைவுக்கு வருகிறது. காஷ்மீரத்துக் குல்மர்க்கிற்குச் சென்று ஸ்னோபோர்டு எனும் பனிப்பலகையில் ஏற விழையும் நம் இளைஞர், எவ்வகைப் பாதப்பிணைப்பு நன்று என வினவுவாராயின், அந்த அங்கவடியிலிருந்தே விடையைத் தொடங்குவோம்.

பெருவிரலை மட்டும் நுழைக்கும் சிறு வளையத்தைப் பண்டை இந்தியக் குதிரை வீரர் கையாண்டனர் என்பர் அறிஞர். சாஞ்சிச் சிற்பங்களைச் சான்று காட்டுவர். வெறுங்காலினர்க்கு அது போதும். மூடிய காலணி அணிந்தார்க்கு உதவாது. 4ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் பாதத்தை நன்கு தாங்கும் அங்கவடி உருப்பெற்றது. அதனால் உறுதி பிறந்தது; உடன் இடரும் பிறந்தது. விழுந்தவனின் பாதம் சிக்கிக்கொண்டால் குதிரை அவனை இழுத்தோடும். ஆதலின், விழுந்தவுடன் பக்கம் திறந்து பாதத்தை விடுவிக்கும் அங்கவடியும் பிற்காலத்தில் தோன்றிற்று.

பனிப்பலகையின் வரலாறு அண்மையது. 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பார் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளை இணைத்துத் தம் மக்களுக்கு விளையாட்டுப் பலகை சமைத்தார். அதில் பாதப்பிணைப்பே இல்லை. 1977இல் வெர்மாண்டில் தொழில் தொடங்கிய ஜேக் பர்ட்டன் கார்பெண்டர், பாதத்தைப் பலகையோடு பிணைக்கும் முறையை வளர்த்தார். 1998இல் நகானோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. 2020இல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் வழியே குல்மர்க்கிலும் நடைபெற்றது.

இன்றுள்ள பிணைப்புகளுள் மூன்றை ஒப்பிடுவோம். முதலாவது, கணுக்காலிலும் விரற்புறத்திலும் வார் கொண்டு இறுக்குவது. பெரும்பாலான காலணிகளுக்குப் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு முறையும் குனிந்து கட்டல் வேண்டும். இரண்டாவது, பின்புறத் தகட்டைச் சாய்த்துப் பாதத்தை நுழைப்பது. விரைவாயினும் வாரின் அளவை முன்னரே சரிசெய்தல் வேண்டும். மூன்றாவது, மிதித்தவுடன் தானே பூட்டிக்கொள்வது. 2017இல் பர்ட்டன் நிறுவனம் வெளியிட்ட வகை இத்தகையது. அதற்குரிய தனிக் காலணியின்றி அது பயன்படாது.

இம்மூன்றும் ஒன்றில் ஒத்தவை: விழும்போது தாமாக விடா. இரட்டைக் கட்டைச் சறுக்கின் பிணைப்பு விழுங்கால் கழன்றுகொள்ளும். அங்ஙனம் கழலுதலே அங்குக் காப்பு. பலகையிலோ இரு கால்களும் ஒன்றன் மேலேயே நிற்கின்றன. ஒரு கால் மட்டும் கழன்றால் பலகையின் முறுக்கெல்லாம் மற்றக் காலைத் தாக்கும். ஆகவே அங்கே விடாமையே காப்பாகும்.

இதனால் நாம் கொள்ளத்தக்கது யாது? எப்பிணைப்பு உயர்ந்தது என்று வினவுமுன், எப்படி விழுவோம் என்று வினவுதல் வேண்டும். புதிதாய்க் கற்போர் தம் காலணிக்குப் பொருந்தும் வார்ப்பிணைப்பைத் தேர்ந்து, கையுறையுடனே கட்டவும் அவிழ்க்கவும் சமநிலத்தில் பழகுவாராக. அதன் பின்னர்ச் சரிவை நாடுவாராக.